ஒலியில் போகும் தகவல்: வாசகர் கேள்வி–பதில்

இணையம், வைஃபை, புளூடூத் எதுவும் இல்லாமல், ஒரு கருவியின் ஸ்பீக்கரிலிருந்து பக்கத்துக் கருவியின் மைக்குக்கு ஒலியாகவே தகவல் அனுப்புவது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: 'ஜிஜிவேவ்' (சிறு செய்தியை ஒலியாக்கி அனுப்பும் மென்பொருள்) கொண்டு போனிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு போட்டோ அனுப்ப முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

முடிப்பதற்குள் விடிந்துவிடும். ஜிஜிவேவின் வேகம் நொடிக்கு 8 முதல் 16 பைட். ஒரு எம்பி போட்டோவுக்கு, 16 என்றே கணக்கு வைத்தாலும், 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு தடவைக்கு 140 பைட்தான் என்ற வரம்பு வேறு. வைஃபை பாஸ்வேர்டு, சிறிய இணைய முகவரி, இரண்டு கருவிகளை இணைக்கும் குறியீடு ஆகியவற்றுக்குத்தான் இது சரி. போட்டோவை வேறு வழியில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மட்டும் ஒலியில் அனுப்புங்கள்.

தமிழில் அனுப்புபவர்கள் கவனிக்க: யூடிஎஃப்-8 முறையில் (எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக வைக்கும் முறை) தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளிக்கும் தனியாக 3. 'வணக்கம்' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. அனுப்பும்போது 21 பைட். ஆக, ஒரு தடவைக்கு 46 குறியீடுகளுக்கு மேல் போகாது.

கேள்வி: உபுண்டு லேப்டாப் இரண்டில் 'மினிமோடெம்' (தகவலை மோடெம் ஒலியாக்கும் நிரல்) போட்டு, நொடிக்கு 1200 பிட் வேகத்தில் அனுப்பினேன். வந்ததெல்லாம் கிறுக்கல். சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். ஏன்? (கோவை வாசகர்)

குற்றவாளி பெரும்பாலும் எதிரொலி. 1200 வேகத்தில் மினிமோடெம் பெல் 202 என்ற பழைய மோடெம் முறையைப் பின்பற்றுகிறது: பிட் '1' என்றால் 1200 ஹெர்ட்ஸ், '0' என்றால் 2200 ஹெர்ட்ஸ். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.83 மில்லி நொடி. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஆறு மீட்டர் கூடுதலாக நடந்து, சுமார் 17 மில்லி நொடி தாமதமாக வருகிறது. அதாவது இப்போதைய பிட் மைக்கில் விழும்போது, இருபது பிட்டுக்கு முந்தையதும் அதன் மேல் ஏறி உட்காருகிறது. தொலைபேசிக் கம்பிக்காக வகுத்த முறை இது. கம்பிக்குள் சுவர் கிடையாது.

சத்தத்தைக் கூட்டினால் நேரடி ஒலியும் எதிரொலியும் சேர்ந்தே கூடும், விகிதம் மாறாது. போதாக்குறைக்குச் சின்ன ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கி, இல்லாத அலைவரிசைகளையும் சேர்த்துக் கக்கும். விகிதத்தை மாற்றுவது தூரம்தான். செய்ய வேண்டியது இது: முதலில் ஒலியை வேவ் கோப்பாக எழுதி, அதே கோப்பைப் படித்துப் பாருங்கள், அங்கேயே கிறுக்கல் வந்தால் சிக்கல் காற்றில் இல்லை, கட்டளையில். அது சரியாக வந்தால் வேகத்தை 300 ஆக்குங்கள் (இரு பக்கமும் ஒரே எண்). ஒன்றின் ஸ்பீக்கர் மற்றதன் மைக்கிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஒலி அளவு பாதி போதும். பிறகு சிறிது சிறிதாகத் தள்ளி வைத்துப் பாருங்கள். நொடிக்கு 30 ஆங்கில எழுத்து வரும்.

மினிமோடெம் பிழையைத் தானாகத் திருத்தாது. ஜிஜிவேவ், குறுந்தகட்டிலும் க்யூஆர் குறியீட்டிலும் இருக்கிற ரீட்–சாலமன் முறையில் உபரி பைட்டுகளைச் சேர்த்து அனுப்புகிறது. அதனால்தான் கொஞ்சம் சேதமானாலும் செய்தி முழுசாக வருகிறது.

கேள்வி: காதில் விழாத 18,000 ஹெர்ட்ஸில் அனுப்பும் வலைப்பக்கம் ஒன்று எழுதினேன். லேப்டாப்பில் எப்போதாவது வருகிறது, போனில் வருவதே இல்லை. (மதுரை வாசகர்)

காரணம் ஒன்றல்ல. முதலில் பிரவுசரைப் பாருங்கள். மைக்கைத் திறக்கும்போது எக்கோ கேன்சலேஷன் (எதிரொலி நீக்கம்), நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சல் நீக்கம்), ஆட்டோ கெய்ன் கன்ட்ரோல் (ஒலி அளவைத் தானாகச் சரிசெய்தல்) மூன்றையும் 'ஃபால்ஸ்' என்று கொடுத்தீர்களா? இவை மனிதக் குரலைக் காப்பாற்றப் பிறந்தவை. விடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுருதியை மின்விசிறி இரைச்சலாக நினைத்து அழித்துவிடும். ஒரே லேப்டாப்பில் இரண்டு டேப் திறந்து சோதிப்பவர்களுக்கு எக்கோ கேன்சலேஷன் தன் ஸ்பீக்கர் ஒலியையே கழித்துவிடும்.

புளூடூத் ஹெட்செட் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அதன் மைக் அழைப்பு முறையில் பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளே (ஒலியை அளந்தெடுக்கும் எண்கள்) எடுக்கிறது. மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட ஹெர்ட்ஸ் பதிவாகாது என்பதால், அப்போது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உள்ளே வராது.

மூன்றாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை: கை அசைவு. போனை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்த்தினால் 18,000 ஹெர்ட்ஸ் சுருதி டாப்ளர் விளைவால் (அசைவால் சுருதி மாறிக் கேட்பது) சுமார் 52 ஹெர்ட்ஸ் விலகும். ஜிஜிவேவில் அடுத்தடுத்த சுருதிகளுக்கு இடைவெளியே 46.875 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரி என்பதை, ஒரு தடவை சேர்த்து ஆராயும் 1024 மாதிரிகளால் வகுத்தது). ஒரு படி தாண்டிப் பக்கத்துச் சுருதியாகவே கேட்கும். அதே அசைவில் 2,000 ஹெர்ட்ஸ் ஆறு ஹெர்ட்ஸ்தான் விலகும். போனை மேசையில் வைத்துச் சோதியுங்கள். கட்டாயம் ஒலி கேட்கக் கூடாது என்றில்லாவிட்டால், 2,000 முதல் 6,000 வரை வைத்துக்கொள்வதே நல்லது. 18,000-ஐப் பெரியவர்கள் பலர் கேட்பதில்லையே தவிர, குழந்தைகளுக்கும் நாய்க்கும் கேட்கும்.

கேள்வி: டீக்கடையில் 'பணம் வந்தது' என்று பேசும் பெட்டி, போனிலிருந்து ஒலியைக் கேட்டுத்தான் சொல்கிறதா? (விழுப்புரம் வாசகர்)

இல்லை. அந்தப் பெட்டிக்குள் சிம் இருக்கிறது. செய்தி மொபைல் நெட்வொர்க் வழியே வருகிறது. ஒலியால் பணம் அனுப்பியது வேறு: 2017-இல் கூகுள் இந்தியாவில் வெளியிட்ட தேஸ் செயலியில் (2018-இல் கூகுள் பே ஆனது) பக்கத்துப் போனைக் கண்டுபிடிக்க ஒலி பயன்பட்டது. பணம் அப்போதும் யூபிஐ வழியாகத்தான் போனது. ஒலியில் போவதை அந்த அறையில் உள்ள எந்த மைக்கும் பதிவு செய்து, திரும்ப ஒலிக்க வைக்கலாம் என்பதால், ரகசியத்தைப் பூட்டாமல் அனுப்பாதீர்கள். ஒரு தடவைக்கு மேல் செல்லாத எண்ணாக இருந்தால் மேலும் நல்லது.

கேள்வி: ஆர்டுயினோ யூனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் ஜிஜிவேவ் செய்தியைக் கேட்க வைக்க முடியுமா? (சேலம் வாசகர்)

கேட்க வைப்பது நடக்காது. வழக்கமான யூனோவின் (ஆர்3) நினைவகம் 2 கேபி. 16 பிட் மாதிரிகள் 1024 எடுத்தாலே அது நிரம்பிவிடும். அனுப்ப மட்டும் முடியும். பைசோ பஸரில் (பீப் ஒலி எழுப்பும் சிறு வில்லை) ஒரு நேரத்தில் ஒரு சுருதிதான் வரும் என்பதால், ஒற்றைச் சுருதி முறையை இரு பக்கமும் தேர்ந்தெடுங்கள்.

கேட்க ஈஎஸ்பி32 பலகையும் ஐஎன்எம்பி441 டிஜிட்டல் மைக்கும் வாங்குங்கள். மைக்குக்கு 3.3 வோல்ட் மட்டும். 5 வோல்ட் கொடுத்தால் கெட்டுப்போகும். அதன் எல்/ஆர் (இடது/வலது) காலைத் தொங்கவிடாமல் கிரவுண்டில் இணைத்து, நிரலில் இடது சேனலைப் படியுங்கள். வலதைப் படித்தால் வெறும் மௌனம்தான் வரும். மாதிரி 24 பிட், 32 பிட் இடத்தில் வரும். 16 பிட்டாகப் படித்தால் இரைச்சல் மாதிரி எண்கள் வருவது அதனால்தான்.