ஐந்நூறு பக்கமும் படிக்கணுமா?

கேள்வி: ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’யை என் தோழிகள் எல்லாரும் படித்துவிட்டார்கள். ஊரே பேசும் அளவுக்கு அதில் சரக்கு இருக்கிறதா? வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: காதல் கதை வேண்டும் என்றால் வாங்கலாம். நல்ல எழுத்து வேண்டும் என்றால் வேண்டாம். மூன்று பாகங்களும் சேர்ந்து 15 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. ஆனால் விற்பனை வேறு, எழுத்து வேறு. 

இந்த நாவல் பிறந்த விதம் தெரிந்தால் அதன் குறைகள் புரியும். ‘ட்விலைட்’ என்ற ரத்தக்காட்டேரிக் காதல் நாவலின் கதாபாத்திரங்களை வைத்து ஈ.எல். ஜேம்ஸ் இணையத்தில் தொடராக எழுதியது இது. பிறகு பெயர்களை மாற்றி 2011-இல் ஆஸ்திரேலியாவின் சிறிய பதிப்பகம் ஒன்றின் வழியாக வந்தது. 2012-இல் விண்டேஜ் என்ற பெரிய பதிப்பகம் வாங்கிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. நம் வார இதழ்த் தொடர்கதைக்கு உள்ள பலமும் பலவீனமும் இதற்கும் உண்டு. அத்தியாயக் கடைசியில் ஒரு கொக்கி விழும், விட்டுவிட்டுப் படித்தால் சுவைக்கும். ஒரே மூச்சில் படிக்கும்போதுதான் சலிக்கிறது. நாயகி அனா உதட்டைக் கடிப்பதும், அவள் மனசுக்குள் ஒரு ‘தேவதை’ குட்டிக்கரணம் போடுவதும் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். கதை நடப்பது அமெரிக்காவின் சியாட்டிலில், எழுதியவர் லண்டன்காரர். அதனால் அமெரிக்கர்கள் அவ்வப்போது பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுகிறார்கள்!

வாங்கும் முன் மின்னூலின் இலவச மாதிரியைப் பாருங்கள். படுக்கையறைக் காட்சி எதுவும் அதில் கிடைக்காது, நடை எப்படி என்று தெரிந்துவிடும். அந்த நடை அங்கேயே உறுத்தினால் மிச்சப் பக்கங்களும் உறுத்தும்.

கேள்வி: ‘அந்த மாதிரி’ புத்தகம் என்கிறார்களே, ரொம்பவா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: மொத்தம் 26 அத்தியாயம். முதல் படுக்கையறைக் காட்சி 8-ஆவதில்தான் வருகிறது. அதுவரை பேட்டி, காபி, ஹெலிகாப்டர் என்றே ஓடும். அதற்குப் பிறகும் இருவரும் மின்னஞ்சலில் கிண்டலடித்துக்கொள்வதும் பேரம் பேசுவதும் நிறைய. புத்தகத்தில் உயிர் உள்ள இடமும் அந்த மின்னஞ்சல்கள்தான் என்பேன். காட்சிகள் வெளிப்படையானவை, சந்தேகமில்லை. ஆனால் வரிசையாகப் படித்தால் ஒன்றுக்கொன்று அச்சு வார்த்தது போல இருக்கும். நாயகன் கிரே கட்டிப்போட்டு விளையாடுவதற்கென்றே வைத்திருக்கும் ‘சிவப்பு அறை’, பேச்சில் வரும் அளவுக்குக் கதையில் வருவதில்லை.

கேள்வி: ஒப்பந்தம் போட்டுக் கட்டிப்போடுவது, அடிப்பது… நிஜத்தில் இப்படித்தான் செய்வார்களா? நாயகி சம்மதித்துத்தானே எல்லாம் நடக்கிறது?
– வாசகர், சேலம்

பதில்: முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.

அந்தப் புகழ்பெற்ற ஒப்பந்தத்தில் அனா கடைசிவரை கையெழுத்தே போடுவதில்லை! இப்படி விளையாடுகிறவர்கள் நிஜத்தில் எது சரி, எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே, உடை களையும் முன்பே, நிதானமாகப் பேசி முடிப்பார்கள். கதையில் மதுவும் மயக்கும் பேச்சும் நடுவில் வர, பேச்சுவார்த்தையே வசியப்படுத்தும் வேலையாகிவிடுகிறது. நிறுத்தச் சொல்லும் சங்கேதச் சொற்கள் இருக்கின்றன: ‘மஞ்சள்’ என்றால் எல்லை நெருங்குகிறது, ‘சிவப்பு’ என்றால் உடனே நிறுத்து. கடைசி அத்தியாயத்தில் பெல்ட்டால் ஆறு அடி வாங்கும்போது அனா அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அழுதுவிட்டுப் பிரிந்து போகிறாள். சொல் இருந்தால் போதாது, சொல்ல முடிகிற நிலையில் ஆள் இருக்கிறாரா என்று இன்னொருவர் நிறுத்திக் கேட்க வேண்டும். கிரே கேட்பதில்லை. நிஜத்தில் இந்தப் பழக்கம் உள்ளவர்களே இந்த நாவலைத் திட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, அனா வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் கிரே கேபிள் டை (வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) வாங்குகிறார். அதை வீட்டில் முயல வேண்டாம். அதன் பல் ஒரு பக்கமாகத்தான் ஓடும். இறுகுமே தவிரத் தளராது. பட்டை மெல்லியது என்பதால் மணிக்கட்டு நரம்பை அழுத்தி விரல் மரத்துப்போகும். அகலமான துணியைக் கட்டி, இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டு, மழுங்கிய முனைக் கத்தரிக்கோலைக் கை எட்டும் தூரத்தில் வைப்பதுதான் பழகியவர்கள் செய்வது. விரல் குளிர்ந்தால், மரத்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். கழுத்தில் எதையும் கட்டவே கூடாது.

கேள்வி: முதல் பாகத்தோடு நிறுத்தலாமா? படத்தைப் பார்த்தால் போதாதா?
– வாசகி, வேலூர்

பதில்: முதல் பாகம் பிரிவில் முடிவதால் தனிக் கதையாக அது முழுமையாகாது. ஆனால் பிடிக்காதவர்களுக்கு அந்தப் பிரிவே பொருத்தமான முடிவு. அடுத்த பாகங்களான ‘டார்க்கர்’, ‘ஃப்ரீட்’ இரண்டிலும் கல்யாணம், பழிவாங்கல், கார் துரத்தல் எல்லாம் சேரும். 2015-இல் வந்த ‘கிரே’ அதே கதையை நாயகன் வாயால் சொல்வது. முதல் மூன்றும் பிடித்தவர்களுக்கு மட்டும். படமும் அதே ஆண்டு வந்தது, இந்தியத் தணிக்கைக் குழு சான்றிதழ் தர மறுத்துவிட்டது. டகோட்டா ஜான்சனின் நடிப்பில் அனாவுக்கு நகைச்சுவை உணர்வு கூடியிருக்கிறது. மனசுக்குள் குதிக்கும் தேவதையும் படத்தில் இல்லை, பாதி நிம்மதி.