பழைய லாரி விட்டு விட்டு இழுவை இழக்கிறதா? கேள்வி பதில்

கம்ப்யூட்டர் இல்லாத, பழைய டீசல் பம்ப் வைத்த லாரிகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். எப்போதும் இருக்கும் கோளாறைவிட வந்து வந்து போகும் கோளாறுதான் ஆளை வதைக்கும்.

கேள்வி: அண்ணே, காலையில நல்லா ஓடுது. ஒரு மணி நேரம் போனதும் மேட்டுல இழுவை விட்டுப்போய் நின்னே போயிடுது. பத்து நிமிஷம் ஓரம் கட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்புது. ரெண்டு ஃபில்டரும் மாத்தியாச்சு. இப்ப பம்பைக் கழட்டணும்னு சொல்றாங்க.

பம்பைத் தொட விடாதீர்கள் தம்பி. பத்து நிமிஷம் நின்றதும் முழு இழுவையும் திரும்பி வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் வரும் வழி.

அடுத்த முறை நின்றதும் வேறு எதையும் செய்யாமல் இறங்கி, டேங்க் மூடியைத் திறங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றோட்டத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவில்லையென்றால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பீட் பம்ப், அதாவது டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் சின்ன பம்ப், எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. நின்ற பிறகு மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டியும் கிளம்பும்.

சத்தம் வரவில்லையா? டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வாயில் ஏதாவது வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு டேங்கில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மெல்லிய தகடு ஒன்றை எடுத்தேன். ஆயில் டப்பா வாயில் ஒட்டி வருமே, அதன் துண்டு. வண்டி ஓடும்போது உறிஞ்சலில் போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும், நின்றால் விழுந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அந்த வண்டிக்குப் புது பீட் பம்பே போட்டிருந்தார்கள். குழாயைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்து, டேங்க் பக்கமாகக் காற்றடியுங்கள். பிறகு டேங்கை வடித்துக் கழுவாமல் விடாதீர்கள். இல்லையென்றால் அதே குப்பை திரும்ப வரும்.

கேள்வி: ஏர் எடுக்குதுன்னு தெரியுது சார். ஆனா எங்கயும் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகல.

ஒழுகாது. டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. பீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸை மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிறகு அந்த ஹோஸை டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் குமிழி தெரியாமல் போகிறதோ, அதற்கும் பீட் பம்புக்கும் இடையில்தான் கோளாறு. பெரும்பாலும் பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போட்டது, வெடித்த ரப்பர் ஹோஸ், அல்லது கையால் அடித்து டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரின் தேய்ந்த சீல். சோதனை முடிந்ததும் ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: புகையைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பாதி சொல்லலாம், அந்தப் பாதி பெரிய உதவி. இழுவை போகும் அந்த நேரத்துப் புகையைத்தான் பார்க்க வேண்டும். ஷெட்டில் நின்றபடி பார்ப்பது போதாது. கரும்புகை தள்ளினால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஹோஸ், புகைக் குழாயில் பாதி மூடியபடி சிக்கிய எக்ஸாஸ்ட் பிரேக் தகடு, இவற்றைப் பாருங்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள் அடுக்கு உரிந்திருக்கும். ஐடிலிங்கில் எதுவும் தெரியாது. ஒருவர் ரேஸ் கொடுக்க, நீங்கள் ஹோஸைப் பாருங்கள்: உள்ளே ஒட்டிப் போனால் அதுதான்.

புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் போதவில்லை. டர்போ வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) டீசல் பம்புக்குப் போகும் மெல்லிய குழாயையும் பாருங்கள். அது விரிசல் விட்டிருந்தால் டர்போ அழுத்தம் பம்புக்குத் தெரியாது, டீசலைக் கூட்டாது.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சும் பாதி இழுவைதான், சில நாள் மட்டும்.

ஒருவரை மிதிக்கச் சொல்லி, பம்ப் லீவர் கடைசி ஸ்டாப்பர் வரை போய்த் தொடுகிறதா பாருங்கள். அதோடு, இன்ஜினை நிறுத்தும் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். பாதியில் நின்றால் அதுவே டீசலைக் குறைத்துவிடும்.

கேள்வி: ஆர்.பி.எம். ஏறுது, வேகம் ஏறல.

அது கிளட்ச். இன்ஜினை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பள்ளத்துல விழுந்தா டக்குனு ஆஃப் ஆகுது, சில நேரம் டேஷ்போர்டு லைட்டும் மங்குது. பேட்டரி ரெண்டும் புதுசு.

லைட்டும் சேர்ந்து மங்குவதால் இது கரண்ட் பக்கம். உங்கள் வண்டியில் டீசலை நிறுத்தும் சோலினாய்டு (கரண்டில் இயங்கும் அடைப்பான்) எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கரண்ட் இருந்தால்தான் ஓடும் வகை என்றால், ஒரு நொடி ஒயர் விட்டாலும் டீசல் அறுந்துவிடும்.

24 வோல்ட் வண்டியில் நிறுத்தியிருக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25.2 வோல்ட் சுமாரும், ஓடும்போது 28 வோல்ட் சுமாரும் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் எர்த்துக்கு வாருங்கள். பேட்டரி மைனஸிலும் இன்ஜின் பிளாக்கிலும் மீட்டரை வைத்து, செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள். சோலினாய்டு ஒயரை மீட்டரை மட்டும் நம்பிச் சோதிக்காதீர்கள். உள்ளே ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். நல்ல ஒயர் என்றால் பளிச்சென்று எரியும். எரியும்போதே ஒயர்க் கற்றையைச் சாண் சாணாக அசையுங்கள், இக்னிஷன் சாவியையும் ஆட்டுங்கள். பல்பு சிமிட்டும் இடத்தில் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: மெக்கானிக்கிட்ட கொண்டுபோனா மட்டும் நல்லா ஓடுது அண்ணே!

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கிளம்பி எத்தனை நிமிஷம், டேங்கில் எவ்வளவு டீசல், லோடா காலியா, மேடா சமமா, புகை என்ன நிறம், எதைச் செய்ததும் சரியானது. நான்கு முறை எழுதியதைக் கொண்டுபோனால் அவர் எங்கே தொட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

கேள்வி: நாசில் பைப்ல பொடி ஓட்டை இருக்கும்போல, கையால தடவிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது தம்பி. பம்பிலிருந்து இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் அந்தப் பைப்பில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படிப் பட்டுவிட்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் தோலுக்குள் போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பைப்பைச் சோதிக்க ஒரு அட்டைத் துண்டை எட்டிப் பிடித்துக் காட்டுங்கள். ஈரம் எங்கே படிகிறது என்று அட்டையே காட்டிவிடும்.