எடோ கிரிகோ: பட்டை தீட்டிய சாகே கிண்ணங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எடோ கிரிகோ (ஜப்பானிய வெட்டுவேலைக் கண்ணாடி) என்று விற்கப்படும் சாகே (ஜப்பானிய அரிசி மது) கிண்ணம் கையால் வெட்டப்பட்டதா, அச்சில் வார்க்கப்பட்டதா என்பதை எப்படி அறிவது?

பதில்: வெட்டின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சாணைச் சக்கரத்தில் வெட்டிய பள்ளத்தின் விளிம்பு கூராகத் தட்டுப்படும். அச்சில் வார்த்தது மழுங்கியிருக்கும். அடுத்து, கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகளை உருப்பெருக்கியில் பாருங்கள். கைவேலையில் மயிரிழை அளவேனும் வேறுபாடு தென்படும். நான் பெரிதும் நம்புவது இந்தச் சந்திப்புகளைத்தான்.

கேள்வி: நானாகோ வடிவத்தில் இருப்பவை குறுக்கும் நெடுக்குமான சாய்கோடுகள் மட்டுமே. அதற்கு ஏன் இத்தனை மதிப்பு?

பதில்: நானாகோ என்பது மீன் சினையைக் குறிக்கும். நெருக்கமான சாய்கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது உண்டாகும் சின்னஞ்சிறு சதுரங்கள், ஒளி பட்டதும் உருண்டை மணிகளைப்போல் மின்னுகின்றன. கலைஞர் கண்ணாடியின்மேல் முழுக் கோலத்தையும் வரைந்துகொள்வதில்லை. சில வழிகாட்டிக் கோடுகளை மட்டும் குறித்துக்கொண்டு, சுழலும் சக்கரத்தின்மீது கிண்ணத்தை மேலிருந்து அழுத்தி, அதன் உட்புறம் வழியாகப் பார்த்தபடியே மற்றவற்றைக் கண்ணளவாக வெட்டுகிறார். கிண்ணம் அடியை நோக்கிக் குறுகுவதால், கோடுகளின் இடைவெளியும் சீராகக் குறுகிக்கொண்டே வர வேண்டும். ஒரு கோடு பிசகினாலும் அந்த வரிசையின் சதுரங்கள் அத்தனையும் கோணிவிடும், வெட்டியதை ஒட்டவும் முடியாது. என்னிடமுள்ள நீலக் கிண்ணத்தை விளக்கடியில் மெல்லத் திருப்பும்போது, விளிம்பருகே மிளகளவு இருக்கும் மணிகள் அடியில் கடுகளவாகச் சிறுத்தும் ஒன்றுகூடச் சதுரம் குலையாதிருப்பதை இன்றும் வியப்போடு பார்க்கிறேன்.

கேள்வி: மற்ற வடிவங்களுக்கும் பொருள் உண்டா?

பதில்: உண்டு. அசானோஹா என்பது சணலிலை. அச்செடி விரைவாகவும் நேராகவும் வளர்வதால், பிள்ளைகள் நன்கு வளர வேண்டும் என்று குழந்தைகளின் உடைகளிலும் இவ்வடிவத்தை இட்டனர். ககோமே மூங்கில் கூடையின் பின்னல் கண்களைக் காட்டுவது; தீயவற்றை விரட்டும் என்பது நம்பிக்கை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வட்டங்களாலான ஷிப்போ, பௌத்தம் கூறும் ஏழு செல்வங்களின் பெயரைத் தாங்கியது.

கேள்வி: இக்கலை எப்போது தொடங்கியது? சட்சுமா கிரிகோ வேறானதா?

பதில்: 1834இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து வணிகர் ககாயா கியூபே, குருந்தம் என்ற கடினக் கனிமத்தின் பொடியால் கண்ணாடியில் செதுக்கியதே தொடக்கம் என்பர். (ஆங்கிலத்தின் 'கோரண்டம்' நம் குருந்தத்திலிருந்து போன சொல்லே.) மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) டோக்கியோவின் ஷினாகாவா கண்ணாடி ஆலைக்கு அழைக்கப்பட்ட ஹாப்ட்மன் என்பவர் ஐரோப்பிய வெட்டுமுறையைக் கற்பித்தார். 2002இல் ஜப்பானிய அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. சட்சுமா கிரிகோ வேறு; அது 1851இல் பதவியேற்ற சட்சுமா பகுதியின் பிரபு ஷிமாசு நாரியாகிராவின் ஆதரவில், தென் ஜப்பானின் ககோஷிமாவில் செழித்தது. 1863இல் ஆங்கிலேயர் குண்டுவீச்சில் அவர் நிறுவிய ஆலைகள் எரிந்தன, பின்னர் கலையும் அழிந்தது, 1985இல்தான் மீட்கப்பட்டது. அதில் மேற்பூச்சான வண்ணக் கண்ணாடி தடிமனாக இருப்பதால் வெட்டின் சரிவில் நிறம் படிப்படியாக வெளிறும். எடோவில் வண்ண அடுக்கு மெல்லியது, ஆகவே நிறத்துக்கும் தெளிவுக்கும் இடையில் எல்லை பளிச்செனத் தெரியும்.

கேள்வி: இவற்றில் சூடான சாகே ஊற்றலாமா?

பதில்: கூடாது. ஆழமாக வெட்டிய இடத்தில் கண்ணாடி மெலிந்திருப்பதால் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். குளிர்ந்த சாகே மட்டும் ஊற்றி, மென்பஞ்சால் கையாலேயே கழுவுங்கள்.