பதக்கத்துக்குச் சாட்சி வேண்டும்

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பில் பிறந்து, முதல் உலகப் போரில் பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா சிலுவையைப் பெற்ற பசில் ஹோர்ஸ்ஃபோலைப் பற்றி என் மகள் நவம்பரில் பாடசாலையில் பேசப்போகிறாள். '1918 மே 22இல் தனியாளாக நின்று நூறு ஜேர்மானியரை விரட்டி வீரமரணம் அடைந்தார்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய கல்லறை கொழும்புக் கனத்தை மயானத்தில் இருக்கிறதா? போரில் இறந்தவர்களை நினைத்து அணியும் பொப்பி மலரை அவள் குத்திக்கொண்டு பேசலாமா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

கனத்தையில் இல்லை. அடையாளம் தெரிந்த கல்லறை அவருக்கு எங்குமே இல்லை. பிரான்ஸில் அராஸ் நினைவுச்சின்னச் சுவரில், அவரைப் போலவே கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 35,000 பேரோடு அவர் பெயரும் இருக்கிறது. அதை வடிவமைத்த பிரித்தானியக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ்தான் நம் விகாரமகாதேவி பூங்காவில் நிற்கும் போர் நினைவுத் தூணையும் வடிவமைத்தார். முன்பு காலிமுகத்திடலில் நின்ற தூண் அது. மகளுக்குப் பூ வைக்க ஆசையென்றால் அங்கே கூட்டிப்போங்கள்.

பொப்பி அவள் விருப்பம். 1930களில் இதே ஊரில், பொப்பி விற்ற காசு பெரும்பாலும் பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போகிறதென்று கோபப்பட்டு, நவம்பர் 11இல் பூவரசம்பூ விற்றார்கள். பூவரசம்பூவின் சிங்களப் பெயரைக் கொண்ட சூரியமல் இயக்கம் அப்படி வந்ததுதான். அதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

இனி உங்களுடைய நூறு ஜேர்மானியர். எங்கே பிடித்தீர்கள் அவர்களை? பிள்ளை மேடையேற ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம், அவள் கையில் பொய்யைக் கொடுக்கலாமா? மே 22 என்பது பிரித்தானிய அரசிதழான லண்டன் வர்த்தமானியில் விருது வெளிவந்த நாள். அவர் இறந்தது மார்ச் 27, மொயென்வில்லுக்கும் அப்லென்ஸ்வெல்லுக்கும் இடையில், ஜேர்மானியரின் பெருந்தாக்குதல் தொடங்கிய ஏழாம் நாள். வர்த்தமானித் திகதியை இறந்த நாளாக எடுத்துக்கொள்வது இந்த விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம்.

வர்த்தமானி சொல்வது இதுதான். அவர் நடு பிளட்டூனுக்கு, அதாவது கம்பனியின் ஒரு சிறு படைப்பிரிவுக்கு, தலைவர். அதில் முன்னால் நின்ற மூன்று செக்ஷன்களும் (சிறு குழுக்களும்) பின்தள்ளப்பட்டன, அவருக்குத் தலையில் காயம். மிஞ்சியவர்களைத் திரட்டி எதிர்த்தாக்கி இடத்தை மீட்டார். கம்பனியில் மற்ற மூன்று அதிகாரிகளில் இருவர் இறந்தார்கள், ஒருவர் காயப்பட்டார் என்று கேள்விப்பட்டதும் சிகிச்சைக்குப் போக மறுத்தார். ஷெல்லடி தாங்காமல் பின்வாங்கி, அது ஓய்ந்ததும் இரண்டாம் முறை மீட்டார். பின்வாங்கும் கட்டளை வந்தபோது கடைசியாகக் கிளம்பினார், போகும் வழியில் கொல்லப்பட்டார். இதில் 'தனியாள்' எங்கே இருக்கிறார்? இரண்டு தடவையும் அவரோடு பிளட்டூன் போயிருக்கிறது.

இறந்துபோன அந்த இரண்டு அதிகாரிகளை ஏன் யாரும் கேட்பதில்லை? அவர்கள் கோழைகளா? அன்றைய விதிப்படி, இறந்த பிறகு பரிந்துரைத்தால் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியவை இரண்டே: விக்டோரியா சிலுவை, அல்லது தளபதியின் அறிக்கையில் ஒரு பெயர்க் குறிப்பு. இராணுவச் சிலுவை போன்ற இடைப்பட்ட விருதுகள் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். காயப்பட்டுப் பிழைத்தவன் இராணுவச் சிலுவை வாங்கிய அதே செயலுக்கு, செத்தவனுக்கு ஒன்றுமில்லாமல் போகலாம். விக்டோரியா சிலுவைக்கோ கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலம் வேண்டும், பரிந்துரை பல கம்பனிகள் சேர்ந்த பட்டாலியனிலிருந்து படிப்படியாக மேலே ஏற வேண்டும். பார்த்தவர்களும் செத்துவிட்டால் எழுத ஆளில்லை. ஹோர்ஸ்ஃபோலின் துணிச்சலில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அதைச் சொல்லச் சிலர் உயிரோடு திரும்பியதால்தான் நாம் அவரை அறிகிறோம். பதக்கத்தை வைத்து வீரத்தை அளக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு எப்போது ஒழியுமோ!

மூன்று நிமிடப் பேச்சென்றால் வர்த்தமானிக் குறிப்பையே நிகழ்ச்சி வரிசையில் சொல்லட்டும். 1887இல் கொழும்பில் பிறந்தார், இறக்கும்போது வயது 30, கிழக்கு லங்காஷயர் ரெஜிமெண்டின் 11ஆம் பட்டாலியனோடு இருந்தார் என்பது முன்னுரைக்குப் போதும். இன்னும் வேண்டுமானால் அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பைப் பாருங்கள். பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 95 வரிசையில் இருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள்: பின்வாங்கலின்போது நாட்குறிப்பைப் பல நாள் கழித்து ஒரே மூச்சில் எழுதுவார்கள், ஆகவே நேரங்களை அப்படியே நம்பாதீர்கள். அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். அந்த இரண்டு அதிகாரிகளின் பெயர்களைத் தேடி மகளிடம் கொடுங்கள். 27ஆம் திகதிக்கு நேரே கிடைக்காவிட்டால் மாத இறுதிப் பின்னிணைப்புகளையும் புரட்டிப் பாருங்கள்.