"டியூப் போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்: பழைய மானிட்டர் கேள்வி-பதில்

கே: சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில் 17 அங்குலப் பழைய டியூப் கம்ப்யூட்டர் மானிட்டரை 80 வெள்ளிக்கு வாங்கினேன். "நல்லா ஓடும்ண்ணே, நம்பி எடுங்க" என்றார் கடைக்காரர். வீட்டில் போட்டால் நடுவில் படுக்கைவசமாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பழைய சாமானைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்.

ப: அண்ணே, முதலில் பிரைட்னெஸ்ஸை அடியோடு குறையுங்கள். அந்தக் கோடு எரிந்துகொண்டே இருந்தால் திரையில் நிரந்தரத் தழும்பு விழும். படம் காட்டும் பெரிய கண்ணாடிக் குழாய்தான் டியூப், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிகல் பகுதிதான் வேலை செய்யவில்லை. டிடிஏ 4866, டிடிஏ 8172 போன்ற ஒரு சின்ன ஐசி, அலுமினியத் தகட்டில் திருகி இருக்கும். அதன் கால்களைச் சுற்றிப் பற்றவைத்த ஈயத்தில் மோதிரம் போல மெல்லிய விரிசல் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் புது ஈயம் வைத்தாலே படம் விரிந்துவிடும். இல்லையென்றால் ஐசிக்கு மின்சாரம் வருகிறதா என்று அளந்துவிட்டுத்தான் அதை மாற்ற வேண்டும்.

பணத்தை விடாதீர்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தை அளக்கும்போது விலையையும், விற்றவர் வாயால் சொன்னதையும் சேர்த்தே பார்க்கிறது. "நல்லா ஓடும்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். கடையின் லைசென்ஸ் எண்ணையும் அவர் பெயரையும் குறித்துக்கொண்டு, பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

கே: படம் முழுக்க மஞ்சளாக இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

ப: நீலம் வரவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து படம் கொண்டுவரும் விஜிஏ கேபிளில், நீலத்துக்கான மூன்றாவது ஊசி வளைந்திருக்கிறதா பாருங்கள்.

கே: தோட்டத்து எடைமேடையில் பழைய கம்ப்யூட்டர்தான் ஓடுகிறது. காலையில் மானிட்டர் போட்டால் எழுத்தெல்லாம் புகைமூட்டம் போல, அரைமணி கழித்துத் தெளிகிறது. ரிப்பேர் கடையில் "டியூப் போச்சு, 150 வெள்ளிக்கு வேற ஒன்னு தர்றேன்" என்கிறார்கள். (தோட்ட ஆபீஸ் கிராணி)

ப: கிராணி ஐயா, கொடுக்காதீர்கள். பத்து மானிட்டர் வந்தால் பத்துக்கும் இதையே சொல்லும் கடைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

டியூப் செத்தால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. பின்மூடியைக் கழற்றி (மின்சாரம் எடுத்த பிறகு, கீழே அடுத்த பதிலைப் படியுங்கள்) கண்ணாடிக் கழுத்தின் உள்பக்கம் பாருங்கள். வெள்ளிக் கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சு ஒன்று இருக்கும். அது பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, டியூப் செத்தது. மெஷின் ஓடும்போது இருட்டில் கழுத்துக்குள் செந்தணல் போல ஹீட்டர் ஒளிர வேண்டும். அதுவும் இருந்து, நன்றாகச் சூடேறிய பிறகும் படம் மங்கி, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து பிதுங்கி வழிந்தால், அப்போது சொல்லட்டும் டியூப் தேய்ந்துவிட்டதென்று.

உங்களுடையது நேர்மாறு. சூடேறச் சூடேறத் தெளிகிறது. டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் சாக்கெட்டில் ஈரம் ஏறியிருக்கிறது. ஃபோக்கஸுக்குப் போகும் ஊசியில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். நம் ஊர்க் காலைப் பனியிலும் மழைக்காற்றிலும் அந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து மின்சாரம் கசியும். சூட்டில் ஈரம் காய்ந்ததும் கசிவு நிற்கும். அதே ஊசி அமைப்புள்ள புது சாக்கெட்டை மாற்றினால் போதும். ஃபிளைபேக்கின் (டியூபுக்கு உயர் வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) மேல் குமிழைத் திருகி ஃபோக்கஸ் செய்து கொடுத்தால் வாங்காதீர்கள். காலையில் சரியாக இருந்து மத்தியானம் மறுபடி மங்கும்.

இனி எந்தக் கடையில் கொடுத்தாலும், என்ன கோளாறு என்று பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தர வேண்டும் என்பது அதே 1999 சட்டத்தில் இருக்கிறது.

கே: நானே திறந்து பார்க்கலாமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லைதானே?

ப: பயம் இருக்கிறது, தம்பி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பிளாஸ்டிக் பிடியுள்ள மெல்லிய திருப்புளியின் கம்பியில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை டியூபின் முதுகில் ஓடும் பின்னல் கம்பியில் கவ்வுங்கள். போர்டில் கவ்வினால் ஐசிகள் போய்விடும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, திருப்புளி நுனியை, டியூபில் தடித்த வயர் வந்து சேரும் ரப்பர் மூடிக்கு அடியில் உள்ளே இருக்கும் உலோகக் கொக்கி தட்டும்வரை நுழையுங்கள். 'டப்' என்று சத்தம் வரும், வராமலும் போகலாம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை செய்யுங்கள், மின்னேற்றம் கொஞ்சம் திரும்பி வரும். பவர் பகுதியில் மின்னைத் தேக்கும் பெரிய கண்டென்சரிலும் 330 வோல்ட் அளவுக்கு நிற்கும். மல்டிமீட்டரில் அளக்காமல் விரலை வைக்காதீர்கள். இதில் ஒரு வரி புரியவில்லை என்றாலும் திறக்க வேண்டாம்.

கே: ஆன்லைனில் பார்த்து நேரில் போய் 19 அங்குலம் எடுத்து வந்தேன். வெளியே புதுசு போல இருந்ததால் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது லைட் மட்டும் மினுக்கு மினுக்கென்று...

ப: நேரிலேயே போயும் பிளக்கில் செருகிப் பார்க்காமல் தூக்கி வந்திருக்கிறீர்கள். வெளிப்பெட்டியைத் துடைக்க ஒரு ஈரத்துணி போதும். இந்த மினுக்கல் பெரும்பாலும், படத்தைக் குறுக்கே விரிக்கும் ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதால் வருவது. அதை மட்டும் மாற்றி மின்சாரம் கொடுத்தால் நிமிடத்தில் மறுபடி போகும். ஃபிளைபேக்கையும் பக்கத்துக் கண்டென்சர்களையும் சோதித்த பிறகே மாற்ற வேண்டும்.

வாங்கும்போது குறைந்தது முப்பது நிமிடம் ஓடவிட வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்து 60 வெள்ளி கொடுத்து நான் எடுத்த ஒன்று, சூடேறியதும் படம் சுருங்கி அணைந்தது. வெள்ளைத் திரை, கறுப்புத் திரை இரண்டையும் வைத்துப் பாருங்கள். மூடியை உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். படம் துள்ளினால் உள்ளே ஈயப் பற்றவைப்பு விட்டிருக்கிறது.

கே: திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை.

ப: பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு, மெனுவில் டிகாஸ் (திரையில் ஏறிய காந்தத்தை நீக்குவது) அழுத்துங்கள். போகவில்லை என்றால் அரைமணி விட்டு இன்னொரு முறை.

கே: ஓடாத மானிட்டரை உடைத்துச் செம்புக் கம்பியை மட்டும் எடுத்து விற்கலாமா? லயத்துப் பையன்கள் கேட்கிறார்கள்.

ப: கூடவே கூடாது. உள்ளே வெற்றிடம், கழுத்தைத் தட்டினால் கண்ணாடி சிதறும். புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, திரையின் உள்பூச்சுத் தூளையும் மூச்சில் இழுக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் இந்த டியூப் கண்ணாடி எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில், ஆபத்தான கழிவுகளின் பட்டியலில் இருக்கிறது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் முழுசாகக் கொடுங்கள். அதுவரை பையன்கள் கைக்கு எட்டாமல், திரை கீழே பார்க்க, ஒரு பழைய மெத்தைத் துண்டின் மேல் வைத்திருங்கள்.