பேரன் போட்ட மஞ்சள் சட்டை

கேள்வி: நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்வெட்டி ஓய்வு பெற்றவன். என் மகன் இருபது ஆண்டுகளுக்கு முன் பெர்த் நகரில் குடியேறி, பின்னர் மலேசியக் குடியுரிமையைத் துறந்து ஆஸ்திரேலியக் குடிமகன் ஆனான். அங்கே பிறந்த பேரனுக்கு இப்போது பதின்மூன்று வயது. பள்ளி விடுமுறைக்கு அவன் வந்திருந்தபோது, மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஹாக்கி ஆட்டத்தைப் பட்டணத்து மாமாக் கடைத் (தமிழ் முஸ்லிம் உணவகத்து) தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆஸ்திரேலிய அணியின் மஞ்சள் சட்டையை அணிந்திருந்த அவன், அவர்கள் கோல் போட்டபோதெல்லாம் எழுந்து கைதட்டினான். பக்கத்து மேசையில் இருந்தவர், "உப்பிட்ட நாட்டை ஒரே தலைமுறையில் மறந்துவிட்டார்கள்" என்று என் காதில் விழும்படி சொன்னார். அன்றிரவே மகனைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். "கிரிக்கெட்டில் நீங்கள் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறீர்கள், அப்பா?" என்று திருப்பிக் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. யார் பக்கம் தவறு?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உங்கள் பேரன் எந்தத் தவறும் செய்யவில்லை. பக்கத்து மேசைக்காரர் சொன்னதுதான் தவறு. உங்கள் மகனின் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அவர் கையில் எடுத்த உதாரணம் பொருந்தவில்லை. பொருந்தக்கூடிய உதாரணம் வேறொன்று இருக்கிறது. அது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த ஓர் ஆட்டம்.

1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடைபெற்றது. அரையிறுதியில் மலேசியாவுக்கு எதிரே வந்து நின்ற அணி இந்தியா. நானும் பேராக்கில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். அப்போது எனக்குப் பத்து வயது. கடைக்காரரின் வானொலியைச் சுற்றி, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆண்கள் அத்தனை பேரும் குந்தியிருந்தார்கள். என் தந்தை அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் அவர் சட்டைப்பையில் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற்றுத்தான் வேலை செய்ய முடியும் என்றாகி, எங்கள் லயத்திலிருந்து மட்டுமே இரண்டு குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பல் ஏறியிருந்தன. தன்னைக் குடிமகனாக எழுதிக்கொள்ளாத அந்த நாடு வெல்ல வேண்டும் என்றுதான் என் தந்தை அன்று வேண்டிக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவோ சேலம் பக்கத்தில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்று, நீல அடையாள அட்டை வைத்திருந்தவர். அவர் இந்தியாவின் பக்கம் இருந்தார்.

மலேசிய அணியில் ஸ்ரீ ஷண்முகநாதனும் மகேந்திரனும் ஆடினார்கள். வானொலியில் அந்தப் பெயர்கள் வரும்போதெல்லாம் என் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டுக்கு ஒன்று என மலேசியா முன்னணியில் இருந்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே மிச்சம் இருந்த நேரத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷெர் கான் பெனால்டி கார்னரில் கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலால் இந்தியா 3-2 என்று வென்றது. பெரியப்பா கைதட்டத் தூக்கிய கையை, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டார். இந்தியா இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானையும் வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது. நான்காம் இடம் பெற்ற மலேசியா அதற்கு மேல் ஒரு படி இன்றுவரை ஏறவில்லை.

1990இல் நோர்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, பிரிட்டனில் குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்கு ஆரவாரம் செய்கிறார்கள் என்று பாருங்கள், அதில் பலர் தேற மாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். அது 'கிரிக்கெட் சோதனை' என்றே பெயர் பெற்றுவிட்டது. அந்தச் சோதனையை எங்கள் கடை வாசலில் வைத்திருந்தால், சிவப்பு அட்டைக்காரரான என் தந்தை தேறியிருப்பார். நாற்பது ஆண்டுகள் இந்நாட்டுப் பால்மரத்தை வெட்டி, பிள்ளைகளை இங்கேயே கட்டிக்கொடுத்து, இந்த மண்ணிலேயே அடக்கமான பெரியப்பா தவறியிருப்பார். ஒரு மனிதரின் விசுவாசத்தை அளக்க இதைவிடக் கோணலான படி வேறு இருக்க முடியுமா?

உங்கள் பக்கத்து மேசைக்காரர் அதே படியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். தாத்தாவின் நாட்டை விட்டுவிடு என்று குடியேறியவரின் பிள்ளையிடம் கேட்கிறார் அந்த ஆங்கிலேயர். தாத்தாவின் நாட்டை விடாதே என்று அதே பிள்ளையிடம் கேட்கிறார் நம்மவர். இருவரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த எந்தப் பிள்ளையாலும் முடியாது. சுல்தான் அஸ்லான் ஷா ஹாக்கிக் கிண்ணத்துக்கு இந்திய அணி ஈப்போவுக்கு வரும்போது இரண்டு கொடிகளையும் பிடித்துக்கொண்டு நிற்கும் நம் இளைஞர்களைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அந்த வலி தெரிந்த நாமே ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் சட்டையைப் பார்த்து முகம் சுளிக்கலாகாது.

குடியுரிமையைத் துறந்தது பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியா 2002 முதல் தன் குடிமக்கள் வேறு நாட்டுக் குடியுரிமை பெறுவதைத் தடுப்பதில்லை. இரட்டைக் குடியுரிமையை ஏற்காதது மலேசியாதான். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே உங்கள் மகன் கையெழுத்திட்ட அந்தத் தாளை, அவர் மனத்திலிருந்து இந்த ஊரை அழித்த தாளாக நினைத்துவிடாதீர்கள். அவருடைய நிலை பேரனுடையதைவிடக் கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பேரனுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்கவில்லை; அவன் பிறந்த பெர்த் நகரம்தான் ஆஸ்திரேலிய தேசிய ஹாக்கி அணியின் பயிற்சித் தளம். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் எம். ஜெகதீசனும் எம். ராஜமணியும் ஓட்டப் பந்தயங்களில் மலேசியாவுக்காகத் தங்கம் வென்றபோது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இருந்த பெருமை, அவனுக்கு அந்த மஞ்சள் சட்டையில் இருக்கிறது.

இனி உங்கள் மகனின் கேள்வி. கிரிக்கெட்டில் நீங்கள் இந்தியாவுக்குக் கைதட்டும்போது எதிரே மலேசியா நிற்பதில்லை. எனவே அங்கே நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கு உண்மையான நெருக்கடி வந்தது 1975இல். பெற்றோர் வந்த நாடு ஒரு பக்கமும் நீங்கள் பிறந்த நாடு மறுபக்கமும் நின்றபோது நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்பதை மகனிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? மலேசியாவின் பக்கம் என்றால், உங்கள் பேரன் செய்ததும் அதேதான். இந்தியாவின் பக்கம் என்றால், உங்கள் மகன் இன்றும் பெர்த்தில் இருந்துகொண்டு பூப்பந்தில் மலேசிய வீராங்கனை தீனா முரளிதரனுக்குக் கைதட்டுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களை உறுத்துவது சட்டையின் நிறம் இல்லை என்று நினைக்கிறேன். இந்த ஊரில் நீங்கள் பட்டதும் வாழ்ந்ததும் பேரனுக்கு ஒன்றுமே தெரியாதே என்ற ஏக்கம்தான் அன்று கோபமாக வெளிவந்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அவன் வரும்போது அதே மாமாக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சட்டையை மாற்றச் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் ஹாக்கியைப் புல்தரையில் ஆடினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். செயற்கைத் தரையில் ஆடப் பழகியவனுக்கு அதுவே பெரிய ஆச்சரியமாக இருக்கும். பிறகு அந்த அரையிறுதியையும், கடைசி நிமிடத்துப் பெனால்டி கார்னரையும், உங்கள் லயத்தில் யார் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.