ஸ்கீன்ஸ் ஏன் எறியவில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

2023 கல்லூரி பேஸ்பால் இறுதித் தொடரை இப்போதுதான் முழுதாகப் பார்த்து முடித்தேன். ஓமஹாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 24-4 என்று அடிவாங்கிய எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி), மறுநாள் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டத்திலும் பால் ஸ்கீன்ஸை இறக்கவில்லை. நாட்டின் தலைசிறந்த பிட்சரை (பந்து எறிபவரை) வைத்துக்கொண்டு வேறொருவரை நம்புவதா? 2009-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வுட் ஒரே ஆட்டத்தில் 169 பந்துகள் எறிந்தாரே! அந்த நெஞ்சுரம் இன்று யாருக்கும் இல்லையா?

செந்தில், ஹூஸ்டன்

அன்புள்ள செந்தில்,

ஸ்கீன்ஸ் ஜூன் 22 அன்று வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் எறிந்தார் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்; சமனில் நின்றால் நீளும்). 120 பந்துகள், கொடுத்தது இரண்டே ஹிட் (எதிரணி அடித்துத் தளம் சேர்ந்த பந்து). டாமி வைட் 11-ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 2-0 என்று முடித்துவைத்தாரே, அந்த ஆட்டம்தான். நீங்கள் கேட்கும் ஆட்டம் ஜூன் 26. நடுவில் மூன்று நாள். இளம் பிட்சர்களின் கையைக் காக்க வகுத்த 'பிட்ச் ஸ்மார்ட்' பரிந்துரைப்படி, 19 முதல் 22 வயது வரை உள்ளவர் ஒரு நாளில் 105 பந்துகளைத் தாண்டினால் ஐந்து நாள் ஓய்வு வேண்டும். மேஜர் லீக் என்ற உச்சத் தொழில்முறை லீகின் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், அடுத்த மாதமே முதல் ஆளாகப் போகவிருந்த கை அது.

ஆனால் என் பதில் அது அல்ல. என்னைக் கேட்டால், எல்எஸ்யூ கோப்பையை வென்ற நாள் ஜூன் 20, செவ்வாய்க்கிழமை.

முந்தைய நாள்தான் வேக் ஃபாரஸ்டிடம் தோற்றிருந்தார்கள். இரண்டு முறை தோற்றால் வெளியேற்றம் என்பது விதி. இன்னொன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எதிரே டென்னசி. பயிற்சியாளர் ஜே ஜான்சன் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னது, நடுவில் வந்து எறிந்துகொண்டிருந்த இடக்கைக்காரர் நேட் ஏகன்ஹாசனை. அந்த சீசனில் அவர் தொடங்கிய முதல் ஆட்டமே அதுதான். ஆறு இன்னிங்ஸ் எறிந்தார், ஒரு ரன்கூட விடவில்லை. 5-0. அந்த ஆறு இன்னிங்ஸை மூன்று நான்கு பேர் பங்கிட்டு எறிந்திருந்தால், அடுத்த இரண்டு நாளும் வேக் ஃபாரஸ்டை வெல்ல எந்தக் கை மிஞ்சியிருக்கும்?

எல்எஸ்யூ அங்கே ஆடியது பத்து நாளில் எட்டு ஆட்டம். வழக்கமான சீசனில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஆளுக்கொரு நாள் தொடங்க மூன்று நல்ல பிட்சர்கள் இருந்தால் வண்டி ஓடிவிடும். கோப்பைப் போட்டியின் முதல் கட்டமான பிராந்தியச் சுற்று வந்ததும் அந்தக் கணக்கு கிழிந்துவிடுகிறது: முதல் ஆட்டத்தில் தோற்ற அணி நான்கு நாளில் ஐந்து ஆட்டம் ஆடினால்தான் மேலே போக முடியும். நான்காவது, ஐந்தாவது பிட்சர் யார் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. இன்னொன்று, எறிந்த பந்துகளை மட்டும் எண்ணினால் போதாது. புல்பெனில் (பிட்சர்கள் காத்திருந்து தயாராகும் இடத்தில்) எழுப்பி, கையைச் சூடேற்றச் சொல்லி, பிறகு உட்காரவைத்து, மறுபடி எழுப்பி, கடைசிவரை இறக்காமலே விட்ட பிட்சரும் களைத்துத்தான் போயிருப்பார். ஸ்கோர் அட்டையில் அவர் பெயரே இருக்காது.

அந்த 24-4 தோல்வி உங்களை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று புரிகிறது. ஆனால் 20 ரன்னில் தோற்றாலும் ஒரு ரன்னில் தோற்றாலும் கணக்கில் ஒரே தோல்விதான். கைவிட்டுப் போன ஆட்டத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நல்ல கைகளைக் கரைப்பவரிடம்தான் எனக்குக் கோபம் வரும். மறுநாள் தொடங்கியவர் தாட்சர் ஹர்ட். ஸ்கீன்ஸுக்குப் பிறகு வந்து வேக் ஃபாரஸ்டை மூன்று இன்னிங்ஸ் ரன் இல்லாமல் அடக்கியவரும் அவரே. ஆறு இன்னிங்ஸில் இரண்டு ரன்தான் கொடுத்தார். 18-4 என்று எல்எஸ்யூ வென்று ஆட்டம் முடிந்தபோது ஸ்கீன்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

வுட் விஷயம். பாஸ்டன் கல்லூரிக்கு எதிரான அந்த 25 இன்னிங்ஸ் ஆட்டத்தில் அவர் எறிந்தது 13 இன்னிங்ஸ். அதில் முதல் 12 இன்னிங்ஸுக்கும் அதிகமாக ஒரு ஹிட்கூட விடவில்லை. முந்தைய நாளும் எறிந்திருந்தார். டெக்சஸ் 3-2 என்று வென்றது. அந்த ஆண்டு இறுதித் தொடரில் தோற்றதும் இதே எல்எஸ்யூவிடம்தான். வுட் மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை. அந்த ஓர் இரவுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. நெஞ்சுரம் அவருடையது, மறுக்கவில்லை. ஆனால் 'போதும், வா' என்று சொல்லவேண்டியவர் பயிற்சியாளர், 22 வயது இளைஞர் அல்ல.

2017 முதல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் பந்து எண்ணிக்கைக்கு ஒவ்வொரு மாநிலமும் வரம்பு வைத்தாக வேண்டும். கல்லூரியில் அப்படி எதுவும் இல்லை. பள்ளியை விட்டு வெளியே வந்ததும் முழங்கைத் தசைநார் இரும்பாகிவிடுகிறதா என்ன? வரம்பு வரவேண்டும் என்பதே என் கட்சி. வந்தால் வுட்டின் இரவு போல இன்னொன்று நடக்காது; அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.